ஓட்டில்லாதவர் பணம்

வெளிநாட்டில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர், தன் சேமிப்பைப் போட்டுவைக்கப் பாதுகாப்பான வங்கி தேடி ஏதாவதொரு தீவுக்கு விண்ணப்பம் அனுப்பினால், முதல் காரியமாகத் தான் திருடன் இல்லை என்று அவர் நிரூபித்தாக வேண்டும். பாஸ்போர்ட் நகல் வேண்டும். நகலில் நோட்டரி கையெழுத்து வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீது வேண்டும். மின் இணைப்பு மனைவி பெயரில் இருந்தால், அவர் மனைவிதான் என்பதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். வீடு விற்ற பணமா? பத்திரம் எங்கே? அப்பா வைத்துவிட்டுப் போன பணமா? அப்பா இறந்ததற்கு என்ன ஆதாரம்? எல்லாம் நியாயம்தான். கள்ளப் பணத்தைத் தடுக்க வேண்டாமா?

இத்தனையையும் கொடுத்து முடித்த பெரியவர், பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கலாமே என்று வாயைத் திறக்கிறார்: "என்னிடம் வாங்கும் பணத்தை நீங்கள் எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?" வங்கி இதற்கு ரசீது எதுவும் காட்டாது. வழவழ அட்டை போட்ட கையேடு ஒன்று தரும். அட்டையில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி, கடற்கரையில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடப்பார்கள். வட்டி விகிதம் பெரிய எழுத்தில் இருக்கும். வங்கி கவிழ்ந்தால் எவ்வளவு திரும்பி வரும் என்ற சங்கதி கடைசிப் பக்கத்தின் அடியில், கண்புரை அறுவை செய்தவரும் செய்யாதவரும் ஒருபோல் படிக்க முடியாத எழுத்தில் இருக்கும்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்த ஒரு நாள் உண்டு. 2008 அக்டோபர் 8.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில் மேன் தீவு இருக்கிறது. பிரிட்டிஷ் மகுடத்துக்கு உட்பட்டது. பிரிட்டனின் பகுதி அல்ல. நாடாளுமன்றம் தனி, வரி தனி, சட்டம் தனி. அதன் சின்னம் முழங்கால் மடக்கிய மூன்று கால்கள். எப்படித் தூக்கி எறிந்தாலும் நிற்கும் என்பது தீவின் குறிக்கோள் வாசகம். எறியப்படுவது யார் என்று வாசகத்தில் சொல்லவில்லை. அந்த விவரத்தைத் தீவு வங்கி ஒன்றில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் பின்னால் தெரிந்துகொண்டார்கள். அவர்களில் கணிசமானவர்கள் வெளிநாடுகளில் வேலை பார்த்த, பார்த்து ஓய்ந்த பிரிட்டிஷ்காரர்கள்.

அவர்கள் தீவுக்கு ஏன் போனார்கள் என்று கேட்கலாம். போகச் சொன்னதே தாய்நாட்டு வங்கிகள்தான். பிரிட்டனில் முகவரி இல்லாதவருக்குப் பிரிட்டனுக்குள் கணக்குத் திறப்பது குதிரைக் கொம்பு. "எங்கள் தீவுக் கிளை நிறுவனம் இருக்கிறதே, அங்கே போங்கள்" என்று வாசலைக் காட்டிவிடுவார்கள். ஆக, அவர்கள் வரி ஏய்க்கப் படகேறிப் போன கொள்ளைக்காரர்கள் அல்லர். வாசலில் நிற்க வைக்கப்பட்டவர்கள்.

போனவர்கள் கண்ணை மூடிக்கொண்டும் போகவில்லை. பாதுகாப்பான வங்கியைத் தேர்ந்தெடுக்க எந்தெந்தப் பரீட்சை வைக்க வேண்டும் என்று நிதி ஆலோசகர்கள் இன்றைக்கும் பட்டியல் போடுகிறார்களோ, அத்தனை பரீட்சையிலும் அந்த வங்கி தேறியது. அந்த மதிப்பெண் பட்டியலைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதல் பரீட்சை, பழைய பெயர். அந்த வங்கியின் பெயர் காப்திங் சிங்கர் அண்ட் ஃப்ரீட்லாண்டர், மேன் தீவு. சிங்கர் அண்ட் ஃப்ரீட்லாண்டர் 1907ல் லண்டனில் தொடங்கிய கௌரவமான நிறுவனம். 2005ல் ஐஸ்லாந்தின் காப்திங் வங்கி அதை வாங்கிப் பெயருக்கு முன்னால் தன் பெயரையும் ஒட்டிக்கொண்டது. தீவில் பலர் அந்தப் பெயரைத் தேடிக்கூடப் போகவில்லை. அவர்கள் போட்டது டெர்பிஷையர் பில்டிங் சொசைட்டியின் தீவுப் பிரிவில். உறுப்பினர்களே சொந்தக்காரர்களான, வீட்டுக்கடன் கொடுத்து வட்டி வாங்குவதைத் தவிர வேறு சாகசம் அறியாத, கொட்டாவி வரவழைக்கும் சங்கம். 2007ல் சங்கம் தன் தீவுப் பிரிவை வாடிக்கையாளர்களோடு சேர்த்து காப்திங்கிடம் விற்றது. மாடு விற்கும் தரகன்கூட மாட்டை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கயிற்றை மாற்றுவான். இங்கே ஒரு கடிதம் வந்தது.

இதில் இன்னொரு நுட்பம். 2008 செப்டம்பரில் டெர்பிஷையர் சங்கமே தள்ளாடியபோது, நேஷன்வைட் என்ற பெரிய சங்கம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. கூடவே செஷயர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டது. அந்த செஷயர்தான் 2006ல் தன் கெர்ன்சி தீவுப் பிரிவை லாண்ட்ஸ்பாங்கி என்ற இன்னோர் ஐஸ்லாந்து வங்கிக்கு விற்றது. பெரிய தீவில் இருந்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். சின்னத் தீவுகளில் இருந்தவர்கள் சரக்கோடு சரக்காக ஏற்கெனவே விற்றுத் தீர்ந்திருந்தார்கள்.

இரண்டாம் பரீட்சை, தரச் சான்று. 2007 பிப்ரவரியில் மூடீஸ் நிறுவனம் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளுக்கும் ஆக உயர்ந்த தரத்தை, மூன்று ஏ-யை, அள்ளிக் கொடுத்தது. அன்றைக்கு அமெரிக்க அரசின் கடன் பத்திரத்துக்கு என்ன தரம் இருந்ததோ அதே தரம். சந்தையே சிரித்தது. இரண்டு மாதத்தில் அவர்களே கொஞ்சம் இறக்கினார்கள். அப்போதும் மரியாதையான தரம்தான். அப்போது சுமார் 3 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில், அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் பல மடங்கு வீங்கி நின்ற வங்கிகளுக்கு இந்தச் சான்று. தரச் சான்றுக்கான கூலியைக் கொடுப்பது யார் என்று கேட்காதீர்கள். தரம் பார்க்கப்படுகிறவரே கொடுக்கிறார். பரீட்சை எழுதுகிற பையனின் தகப்பனிடமே ஃபீஸ் வாங்கிக்கொண்டு விடைத்தாள் திருத்தும் ஏற்பாடு இது. உலகம் முழுக்க இதற்குச் சந்தை ஒழுங்கு என்று பெயர்.

மூன்றாம் பரீட்சை, தாய் வங்கியின் உத்தரவாதம். பிள்ளை தவறினால் தாய் கொடுப்பாள் என்று காப்திங் எழுதிக் கொடுத்திருந்தது. பிள்ளை கதவை மூடியது அக்டோபர் 8. தாயை ஐஸ்லாந்து அரசு கையகப்படுத்தியது அக்டோபர் 9. உத்தரவாதப் பத்திரம் செல்லுபடியாக வேண்டிய முதல் நாளிலேயே செத்துப்போனது. மழை வராத நாளெல்லாம் விரிந்திருந்த குடை அது.

நான்காவது பரீட்சைதான் கிரீடம்: விழிப்பான கண்காணிப்பாளர். மேன் தீவின் கண்காணிப்பு ஆணையம் தூங்கவில்லை. ஐஸ்லாந்தில் புகை வருகிறது என்று கவனித்தது. அங்கே கிடக்கும் பணத்தைக் குறைத்துக்கொள் என்று வங்கிக்குச் சொன்னது. வங்கியும் கேட்டது. பணம் லண்டனிலிருந்த சகோதர நிறுவனத்துக்குப் போனது. 50 கோடிப் பவுண்டுக்கும் மேல். லண்டனைவிடப் பத்திரமான இடம் ஏது? அக்டோபர் 8 அன்று பிரிட்டிஷ் அரசு அந்த லண்டன் நிறுவனத்தை நிர்வாகிகளிடம் ஒப்படைத்தது. தீவின் பணம் உள்ளே சிக்கியது. பாதுகாப்புக்காக எடுத்துக்கொண்டு போன இடத்திலேயே பறிபோனது.

பெரியவர் கேட்டாரே, என் பணத்தை எங்கே வைப்பீர்கள் என்று. இதுதான் பதில்.

அதே நாளில் லண்டனில் நடந்த மீட்புப் பணியைப் பார்த்தால்தான் இந்த நாடகத்தின் முழு ருசியும் தெரியும். லண்டன் சகோதரியிடம் 'காப்திங் எட்ஜ்' என்ற பெயரில் இணையக் கணக்கு வைத்திருந்த பிரிட்டன்வாசிகளின் பணத்தை அரசு ஒரே நாளில் ஐஎன்ஜி வங்கிக்கு மாற்றிக்கொடுத்தது. லாண்ட்ஸ்பாங்கியின் 'ஐஸ்சேவ்' கணக்கில் போட்டிருந்த பிரிட்டன்வாசிகள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களுக்குக் காப்பீட்டு வரம்பு 50,000 பவுண்டு. வரம்பாவது ஒன்றாவது, முழுப் பணமும் கிடைக்கும் என்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அறிவித்தார். ஐஸ்லாந்து வங்கியின் சொத்தை முடக்க எந்தச் சட்டத்தைக் கையிலெடுத்தார்கள் தெரியுமா? பயங்கரவாதத்தைத் தடுக்க 2001ல் கொண்டுவந்த சட்டம். மீன் பிடித்துப் பிழைத்த ஒரு தேசத்தின் வங்கிப் பெயர், பிரிட்டிஷ் நிதித்துறையின் தடைப் பட்டியலில் அல் காய்தாவோடு பக்கத்தில் பக்கமாக நின்றது. தன் ஜனங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஓர் அரசால் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதற்கு அந்த ஒரு நாள் சாட்சி.

தீவில் போட்டவர்கள்? அவர்களும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். பிரிட்டனில் படித்து, வரி கட்டி, கொஞ்சப் பேர் ராணுவத்திலும் இருந்தவர்கள். அவர்களுடைய பணம் லண்டனில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்காக யாரும் ஓடவில்லை. ஐரிஷ் கடலில் ஒரு வரிப் புகலிடம் உட்கார்ந்திருக்கிறது என்கிற தோரணையில் நாடாளுமன்றக் குழு முன்னால் பேசினார் டார்லிங். அந்தப் புகலிடத்தை அந்த மகுடத்தின் நிழலில் வளர்த்தது யார், அதன் ஆதாயத்தில் லண்டன் நகரம் எத்தனை காலம் கொழுத்தது என்பதெல்லாம் அன்றைக்கு மறந்துபோன சங்கதிகள். மகுடத்துக்கு உறவு வேண்டும். உறவினரின் கடன் வேண்டாம்.

ஐஸ்லாந்து மட்டும் என்ன செய்தது? அக்டோபர் 6 அன்று அவசரச் சட்டம் போட்டது. உள்ளூர்க் கணக்குகளைப் புது வங்கிகளுக்கு மாற்றிக் காப்பாற்றியது. வெளிநாட்டுக் கிளைகளில் போட்டவர்களைப் பழைய வங்கியின் இடிபாட்டில் விட்டது. ஐஸ்சேவ் பணத்தைத் திருப்பித் தரலாமா என்று 2010லும் 2011லும் தன் குடிமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் முடியாது என்றார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். பணம் போட்டவர்களுக்கு அந்த வாக்குச்சாவடியில் இடமில்லை.

கெர்ன்சியில் போட்டவர்களுக்கு வேறொரு மரியாதை. லாண்ட்ஸ்பாங்கி கவிழ்ந்த அன்று அந்தத் தீவில் வைப்புக் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. நவம்பரில் அவசரமாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு 50,000 பவுண்டு வரை. பழைய தேதிக்குச் செல்லாது என்று கவனமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பிணத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு ஹெல்மெட் சட்டம் போட்டார்கள். அந்த ஹெல்மெட்டிலும் ஓட்டை: ஐந்தாண்டுக் காலத்தில் மொத்தமே 10 கோடிப் பவுண்டுக்கு மேல் திட்டம் கொடுக்காது. அண்டைத் தீவான ஜெர்சியிலும் இதே உச்சவரம்புதான். பெரிய வங்கி ஒன்று விழுந்தால் 50,000 என்பது காகிதத்தில் அச்சடித்த ஆசீர்வாதம்.

மேன் தீவு வங்கி 2009 மே மாதம் கலைக்கப்பட்டது. தீவின் காப்பீட்டுத் திட்டம் 50,000 பவுண்டு வரை பொறுப்பேற்றது. அதற்கு மேல் போட்டவர்களுக்குக் கலைப்பாளர்கள் தவணை தவணையாகப் பங்கு பிரித்தார்கள்; வருஷங்கள் ஓடின. பெரும்பகுதி வந்துவிட்டதே என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறார்கள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும். கலைப்பாளர் மணிக்கணக்கில் கட்டணம் போட்டுக்கொண்டு சாவகாசமாகக் கொல்வார். நாற்பது வயதுக்காரருக்கு நாலு வருஷத் தாமதம் எரிச்சல். எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது மிச்ச ஆயுள்.

இந்த இடத்தில் நாகரிகமான மனிதர் ஒருவர் எழுந்து நிற்பார். எல்லா ஊரிலும் இருப்பார். "கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டார்கள், அனுபவிக்கிறார்கள்" என்பார். ஐயா, உட்காருங்கள். டெர்பிஷையரில் போட்டவர் ஐஸ்லாந்துக்கு ஆசைப்படவில்லை; அவரை ஐஸ்லாந்துக்கு விற்றார்கள். ஆசை என்று பேச வந்தால் வேறு ஆட்களையும் பேச வேண்டும். பொருளாளரும் கணக்கரும் ஆலோசகரும் சம்பளத்துக்கு வைத்திருந்த இங்கிலாந்து உள்ளாட்சி மன்றங்கள் 127, அதே ஐஸ்லாந்து வங்கிகளில் 95 கோடிப் பவுண்டைப் போட்டு மாட்டிக்கொண்டன. அந்த மன்றங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட் கமிஷன் என்ன செய்துகொண்டிருந்தது? அதுவும் அங்கேதான் 1 கோடிப் பவுண்டைப் போட்டிருந்தது. தணிக்கை செய்கிறவர்களுக்கே தெரியாததை, துபாயில் குழாய்த் தொழில்நுட்பம் பார்த்து ஓய்ந்த மனிதர் தெரிந்துவைத்திருக்க வேண்டுமாம். அவருக்குப் பேராசையாம். மூன்று ஏ கொடுத்தவருக்கு என்ன? கருத்துச் சுதந்திரம்.

ஐஸ்லாந்தாவது பின்னால் சில வங்கித் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டது. அந்த நேர்மைக்காக அதற்கு ஒரு வணக்கம். மற்ற ஊர்களில் அந்த ஆறுதலும் அரிது.

கடல் தாண்டி ஆன்டிகுவாவுக்குப் போவோம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். 2008 ஜூன். லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்குகிறது. அதிலிருந்து டெக்சஸ்காரர் ஆலன் ஸ்டான்ஃபோர்டு இறங்குகிறார். கண்ணாடிப் பெட்டி நிறைய டாலர் கட்டுகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இரண்டு கோடி டாலர் என்கிறார்கள். பக்கத்தில் பழைய சூரர்கள் நின்று பல்லைக் காட்டுகிறார்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியப் பெரியமனிதர்கள் புதுப் பெண்ணைப்போல் குழைகிறார்கள். ஆண்டுக்கு ஓர் ஆட்டம், ஜெயித்த அணிக்கு அந்தப் பெட்டி. நவம்பர் 1 அன்று ஆட்டம் நடந்தது. இங்கிலாந்து 99 ரன்னுக்குச் சுருண்டு பத்து விக்கெட்டில் தோற்றது. அந்தப் பணம் யாருடையது என்று அங்கே எவரும் கேட்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு இன்டர்நேஷனல் வங்கியின் வைப்புச் சான்றிதழ்களில் டெக்சஸ், லூசியானா ஓய்வூதியர்களும் மெக்சிகோ, வெனிசுவேலாக்காரர்களும் கொட்டிய பணம் அது. 2009 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டபோது ஓட்டை சுமார் 700 கோடி டாலர். 2012ல் அவருக்கு 110 வருஷம் சிறை.

அந்த வங்கிக்கும் கண்காணிப்பாளர் இருந்தார். ஆன்டிகுவாவின் கண்காணிப்புத் தலைவர் லெராய் கிங், வங்கிக்காரரோடு ரத்தத்தால் சத்தியம் செய்துகொண்டு சகோதரர் ஆனார் என்று ஸ்டான்ஃபோர்டின் நிதித் தலைவரே கோர்ட்டில் சாட்சி சொன்னார். லஞ்சம் வாங்கிய கிங்குக்கு 2021ல் அமெரிக்க நீதிமன்றம் 10 வருஷம் கொடுத்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் டெக்சஸ் அலுவலகத்தில், இது புதியவர் பணத்தில் பழையவருக்கு வட்டி கொடுக்கும் போன்சி மோசடியாக இருக்கலாம் என்று பரிசோதகர்கள் 1997லேயே எழுதிவைத்தார்கள். பிறகு 1998, 2002, 2004 என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் பார்த்தார்கள். அந்தப் பன்னிரண்டு வருஷமும் புதிது புதிதாக ஓய்வூதியர்கள் வரிசையில் வந்து சேர்ந்தார்கள். ஆன்டிகுவா அரசு ஸ்டான்ஃபோர்டுக்கு 2006ல் சர் பட்டம் கொடுத்தது. பட்டத்தைப் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பட்டம் திரும்பி வந்தது, பணம்தான் முழுதாக வரவில்லை.

சைப்ரஸுக்கு வாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம், யூரோ, ஆங்கிலம் பேசும் ஊர், வெயில். பிரிட்டிஷ் ஓய்வூதியர்களின் சொர்க்கம். அங்கிருந்த பெரிய வங்கிகள் இரண்டும் 2011ல் ஐரோப்பாவின் அழுத்தச் சோதனையில் தேறியவை. 2013 மார்ச் 16, சனிக்கிழமை காலை, எல்லாருடைய சேமிப்பிலிருந்தும் ஒரு பங்கு வெட்டப்படும் என்று தெரிந்தது. 1 லட்சம் யூரோவுக்குக் கீழே இருந்தாலும் 6.75 சதவீதம். நாடாளுமன்றத்தில் அதற்கு ஆதரவாக ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு மறுபடி முகம் காட்ட வேண்டுமே! அதனால் கத்தி இடம் மாறியது. மார்ச் 25 ஒப்பந்தப்படி லைக்கி வங்கி மூடப்பட்டது. பேங்க் ஆஃப் சைப்ரஸில் 1 லட்சத்துக்கு மேல் இருந்ததில் 47.5 சதவீதம் கடைசியில் பங்குகளாக மாற்றப்பட்டது. இங்கிலாந்து வீட்டை விற்ற பணத்தை வில்லா வாங்குவதற்காக அந்த வாரம் கணக்கில் விட்டுவைத்திருந்தவர், எழுந்து பார்த்தபோது ஒரு திவால் வங்கியின் பங்குதாரர். வாழ்த்துகள்!

வங்கிகள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தன. ஏடிஎம் வாசலில் வரிசை. அந்த நேரத்தில் பிரிட்டனிலிருந்து ஒரு ராணுவ விமானம் வந்து இறங்கியது. உள்ளே 10 லட்சம் யூரோ ரொக்கம். அங்கே பிரிட்டிஷ் தளங்களில் வேலை பார்க்கும் சிப்பாய்களுக்குக் கைச்செலவுக்கு. சிப்பாய்களும் அரசு ஊழியர்களும் வெட்டில் இழப்பதை அரசே ஈடுகட்டும் என்று லண்டன் வாக்குக் கொடுத்தது. நல்லது, கொடுக்க வேண்டியதுதான். அதே தீவில், அதே வெயிலில், அதே ஏடிஎம் வரிசையில் நின்ற பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கு? சைப்ரஸ் வங்கிகளுக்குப் போகும் பென்ஷனை நிறுத்திவைத்திருக்கிறோம், வேறு கணக்கு இருந்தால் சொல்லுங்கள் என்று தகவல் போனது. சீருடைக்கு விமானம், வெள்ளைத் தலைக்குப் படிவம்.

லெபனான் கதையில் படிவமும் இல்லை. வளைகுடாவிலும் ஆப்பிரிக்காவிலும் உழைத்த லெபனான்காரர்கள் வாழ்நாள் சம்பாத்தியத்தை ஊருக்கு அனுப்பி, டாலரில் நல்ல வட்டிக்குப் போட்டுவைத்தார்கள். மத்திய வங்கியை 1993 முதல் ஆண்ட ரியாத் சலாமே உலக விருதுகள் வாங்கியவர். 2019 அக்டோபரில் வங்கிகள் இரண்டு வாரம் மூடின. திறந்தபோது டாலர் இல்லை. பணத்தை முடக்க அப்போது சட்டம் எதுவும் கிடையாது. கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் முடியாது என்றார், அவ்வளவுதான் சட்டம். 2022ல் ஒரு பெண், சகோதரியின் புற்றுநோய் சிகிச்சைக்காக, பொம்மைத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போய்த் தன் குடும்பப் பணத்தையே கொள்ளையடிக்க வேண்டியிருந்தது. சொந்தப் பணத்தை எடுப்பவர் கொள்ளைக்காரி. ஊர்ப் பணத்தை வைத்துக்கொண்டு தர மறுப்பவர் வங்கியாளர்.

இந்த ஊர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வங்கி விழுந்தபோது யார் காப்பாற்றப்பட்டார்கள்? பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர்களுக்கு ஓட்டு இருந்தது. ஐஸ்லாந்தில் வாழ்ந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர்களுக்கு ஓட்டோடு வாக்கெடுப்பும் இருந்தது. சைப்ரஸின் சிறு சேமிப்பாளர்கள் காப்பாற்றப்பட்டார்கள். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். சிப்பாய்கள் காப்பாற்றப்பட்டார்கள், அவர்களைக் கைவிட்ட அரசு மறுநாள் தாங்காது. ஊர் விட்டு ஊர் போய் ஓய்ந்தவர் மட்டும் எல்லா இடத்திலும் கணக்குக்கு வெளியே நின்றார். பதினைந்து வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் பிரிட்டிஷ் குடிமகனுக்குத் தாய்நாட்டில் ஓட்டுக் கிடையாது என்பதுதான் அன்றைய சட்டம். 2024ல்தான் அது நீங்கியது. பணம் போட்ட தீவில் அவர் வசிக்கவில்லை, அங்கேயும் ஓட்டில்லை. வாழும் நாட்டில் அவர் அந்நியர். மூன்று நாட்டுக்கு வேண்டியவர், மூன்று நாட்டுக்கும் வேண்டாதவர். அவர் பணம் போனால் எந்த ஊரிலும் எந்த அமைச்சருக்கும் தூக்கம் கெடாது. வங்கி விழும்போது நஷ்டத்தை யார் தலையில் இறக்குவது என்று அரசுகள் தேடுமே, அந்தத் தலை இதுதான்.

நம்முடைய ஆட்களும் இந்தப் பந்தியில் உண்டு. வளைகுடாவில் இருக்கும் இந்தியர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2011ல் வழி திறந்தது. ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். டிக்கெட் செலவு அவருடையது. ஊரில் அவர் போடும் என்ஆர்இ வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய்தான், அது ஐம்பது லட்சமாக இருந்தாலும். 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி வங்கிக் கணக்குகளிலிருந்து முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பூட்டுப் போட்டபோது, வாசலில் நின்று அழுதவர்களில் ஓய்வூதியர்கள் எத்தனை பேர் என்று தொலைக்காட்சி பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் உள்ளூர்க்காரர்கள், கேமரா முன்னால் நின்று அழவாவது முடிந்தது. மஸ்கட்டில் இருப்பவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

ஆகவே பாதுகாப்பான வெளிநாட்டு வங்கி எது என்று கேட்கும் பெரியவரே, உங்களுக்கு விற்கப்படும் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். பழம்பெயரை விற்பார்கள், தரச் சான்றை விலைக்கு வாங்குவார்கள், தாயின் உத்தரவாதம் தாயோடு சாகும், கண்காணிப்பாளர் பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். இவற்றுக்குப் பதிலாக நாலு கேள்வி போதும். என் பணத்தை வாங்கும் நிறுவனம் எந்த நாட்டு லைசென்ஸில் நடக்கிறது. அது கிளையா, தனி நிறுவனமா? ஐஸ்சேவ் கிளை என்பதால் முதல் பொறுப்பு ஐஸ்லாந்தின் தலையில் விழுந்தது, எட்ஜ் பிரிட்டிஷ் நிறுவனம் என்பதால் பிரிட்டிஷ் திட்டம் வந்தது, மேன் தீவு தனி நிறுவனம் என்பதால் தீவோடு நின்றது. ஒரே நாட்டு வங்கிகளுக்கு மூன்று விதி. இரண்டாவது, காப்பீட்டு வரம்பு எவ்வளவு. அது பெயர்ப்பலகைக்கா, லைசென்ஸுக்கா? பிரிட்டனில் ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் இரண்டு பலகை, ஒரே லைசென்ஸ், ஒரே வரம்பு. மூன்றாவது, அந்தத் திட்டத்துக்கே மொத்த உச்சவரம்பு உண்டா? நாலாவது, விழுந்தால் எத்தனை நாளில் கொடுப்பார்கள்? இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வராத இடத்தில் அட்டைப்படத் தம்பதியே கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இந்த நாலையும் எந்த ஆலோசகரும் தானாகச் சொல்ல மாட்டார். இதில் கமிஷன் இல்லை. பணத்தை வரம்புக்குள் பிரித்து நாலு இடத்தில் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆளால் யாருக்கும் லாபமில்லை.

அரசுகளிடம் கேட்க வேண்டியது வேறு. வைப்புத்தொகை விளம்பரத்தில் வட்டி என்ன அளவில் அச்சாகிறதோ, அதே அளவில் காப்பீட்டு வரம்பும் அச்சாக வேண்டும். வாடிக்கையாளரைச் சரக்காக இன்னொரு வங்கிக்கு விற்கும் சங்கம், அவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளும்வரை அவர் பணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். பணத்தை இந்த நாட்டிலிருந்து அந்த நாட்டுக்கு மாற்றச் சொல்லும் கண்காணிப்பாளர், அது அங்கே போய்த் தொலைந்தால் தானும் பதில் சொல்ல வேண்டும். கேட்பதில் தவறில்லை. ஆனால் இதைச் சட்டமாக்க வேண்டியவர்கள் ஓட்டை எண்ணுகிறவர்கள், உங்களுக்கு ஓட்டில்லை.

அதுவரை எந்தத் தீவிலும், எந்த நகரத்திலும், எத்தனை மாடிக் கட்டடமாக இருந்தாலும், வரம்புக்கு மேல் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பவுண்டும் வங்கி முதலாளியின் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் எழுதும் மொய். ஊரில் எழுதிய மொய்யாவது அடுத்த கல்யாணத்தில் திரும்பி வரும்.